டெசரக்ட் எழுத்துணரியைக் கணினியில் நிறுவுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் மிகப் பல வெறும் படங்கள். ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு பத்தியை நகலெடுக்க முடியாது, பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டவும் முடியாது. அந்தப் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் நல்ல கருவி ஒன்று கட்டணமில்லாமல் கிடைக்கிறது. அதன் பெயர் டெசரக்ட். அதற்குச் சாளரமும் பொத்தானும் கிடையாது, டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையில் கட்டளை தட்டித்தான் இயக்க வேண்டும். ஆர்வமுள்ள பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நிறுவும்போது அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டலில் ஐயம் வரும் இடங்களில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே 'டீ' என்று வருவது 'டேபிள்' என்ற சொல்லின் முதல் எழுத்து. டெசரக்டின் எழுத்துக்கூட்டல்: டீ, ஈ, எஸ், எஸ், ஈ, ஆர், ஏ, சி, டீ. எஸ் இரண்டு முறை வருகிறது. பலருக்குத் தடுக்குவது அங்கேதான்.

டெசரக்ட் எங்கிருந்து வந்தது? நம்பலாமா?

ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1985 முதல் 1994 வரை உருவாக்கப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்தது. 2005இல் அதன் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. 2006 முதல் கூகுள் அதன் வளர்ச்சிக்கு ஆதரவு தந்தது. 2018இல் வந்த 4ஆம் பதிப்புதான் தமிழுக்கு முக்கியமானது. அதுவரை எழுத்து எழுத்தாகப் பிரித்து அடையாளம் கண்ட முறையை விட்டு, ஒரு முழு வரியையே நரம்பு வலைப்பின்னல் மூலம் படிக்கும் முறைக்கு அது மாறியது. கொம்பும் காலும் புள்ளியும் எழுத்துக்கு முன்னும் பின்னும் மேலும் வந்து ஒட்டிக்கொள்ளும் நம் எழுத்துமுறைக்கு அந்த மாற்றம் பெரிதும் உதவியது. 5ஆம் பதிப்பு 2021இல் வந்தது.

அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருவதால் வீட்டிலும் அலுவலகத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மூலநிரல் எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. நிறுவி முடித்தபின் இணையத் தொடர்பே இல்லாமல் இயங்குகிறது. உங்கள் குடும்ப ஆவணமோ, வெளியிடாத கையெழுத்துப் படியின் தட்டச்சுப் பிரதியோ உங்கள் கணினியைவிட்டு எங்கும் போகாது. நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பொத்தானை அழுத்தி இயக்கும் மென்பொருள் ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. ஜிஇமேஜ்ரீடர் என்பது டெசரக்டுக்குச் சாளரம் மாட்டிய மென்பொருள். பத்துப் பக்கம் மட்டும் எழுத்தாக வேண்டும் என்றால் அதுவே போதும், கட்டளை கற்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நானூறு பக்க நூல் என்றால் கதை வேறு. கட்டளையில் ஒருமுறை சரியாக அமைத்த வரியை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டும் அதே வரி அதே வேலையைச் செய்யும். நண்பருக்கு அந்த ஒரு வரியை அனுப்பினால் அவர் கணினியிலும் அதுவே நடக்கும். எந்தப் பட்டியில் எந்தப் பொத்தான் என்று படம் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை.

டெர்மினலில் தவறாகத் தட்டினால் கணினி கெட்டுவிடுமா?

எழுத்துப் பிழையோடு தட்டினால் கணினி அதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு பிழைச்செய்தி தரும், அவ்வளவுதான். மீண்டும் தட்டலாம். அஞ்ச வேண்டியவை இரண்டு. ஒன்று, கோப்பை அழிக்கும் கட்டளைகள். லினக்ஸிலும் மேக்கிலும் 'ஆர்எம்' என்று தொடங்குபவை. அவற்றால் அழிந்தது குப்பைக்கூடைக்குப் போவதில்லை, நேராகப் போய்விடும். மற்றொன்று, நிர்வாகி உரிமையோடு ஓடும் கட்டளைகள். லினக்ஸில் 'சூடோ' என்று தொடங்குபவை. அந்தச் சொல் முன்னால் இருந்தால் என்டர் விசையை அழுத்துமுன் வரியை இரண்டு முறை படியுங்கள். என்ன செய்கிறது என்று தெரியாத வரியை எங்கிருந்து கிடைத்தாலும் ஒட்டாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிழைச்செய்தி வந்தவுடன் பலர் சாளரத்தை மூடிவிடுகிறார்கள். அந்தச் செய்திதான் உங்களுக்கு வேண்டிய விடை. நிறுவலில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் மூன்றே வகை: நிரல் கணினியில் இல்லை; அல்லது நிரல் இருக்கிறது, ஆனால் அது இருக்கும் இடம் டெர்மினலுக்குத் தெரியவில்லை; அல்லது இரண்டும் சரி, ஆனால் தமிழ்த் தரவுக்கோப்பு உரிய இடத்தில் இல்லை. இம்மூன்றில் எது என்பதைச் செய்தியே சொல்லிவிடும். கீழே வரும் பதில்களில் பாதி, அந்தச் செய்திகளை எப்படிப் படிப்பது என்பதுதான்.

உபுண்டு அல்லது டெபியனில் எப்படி நிறுவுவது?

லினக்ஸ் வகைகளான இவற்றில் நிறுவுவதுதான் மிக எளிது. டெர்மினலைத் திறந்து முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று தட்டுங்கள். 'ஆப்ட்' என்பதற்கு ஏ, பி ('பேப்பர்' என்ற சொல்லின் முதல் எழுத்து), டீ. இது எந்த மென்பொருள் எங்கே கிடைக்கிறது என்ற பட்டியலைப் புதுப்பிக்கிறது. அடுத்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு 'டெசரக்ட்-ஓசிஆர்', மீண்டும் ஓர் இடைவெளி விட்டு 'டெசரக்ட்-ஓசிஆர்-டாம்' என்று தட்டுங்கள். டாம் என்பது டீ, ஏ, எம்; தமிழ் மொழிக்கான மூன்றெழுத்துக் குறியீடு. இரண்டெழுத்துக் குறியீட்டை இங்கே டெசரக்ட் ஏற்காது.

கடவுச்சொல் கேட்கும். நீங்கள் தட்டும்போது திரையில் எதுவும் தோன்றாது, புள்ளிகூட வராது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள்.

அதன்பின் நடப்பதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். டெசரக்டுக்குப் படங்களைத் திறக்க லெப்டோனிகா என்ற நிரல் நூலகம் (பிற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் துணை நிரல்) தேவை. அது உங்களிடம் இருக்கிறதா என்று ஆப்ட் பார்த்து, இல்லையென்றால் அதையும் சேர்த்துக் கொண்டுவரும். வந்தவை உண்மையான களஞ்சியத்திலிருந்து (மென்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் கிடங்கிலிருந்து) வந்தவைதாமா என்று மின்கையொப்பத்தை வைத்துச் சரிபார்க்கும். ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் வைக்கும். இவ்வளவையும் கையால் செய்தால் ஒரு பொழுது போய்விடும்.

ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் ஆப்டுக்குப் பதிலாக 'டிஎன்எஃப்'. அங்கே தமிழ்த் தொகுப்பின் (நிறுவுவதற்கென்று கட்டி வைத்த மென்பொருளின்) பெயர் 'டெசரக்ட்-லாங்பேக்-டாம்'.

"பூட்டைப் பெற முடியவில்லை" என்ற பொருளில் ஒரு பிழை வருகிறதே?

பின்னணியில் வேறொரு புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொகுப்புகளை மாற்றாமல் இருப்பதற்கான பூட்டு அது. சில நிமிடம் காத்திருந்து மீண்டும் முயலுங்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் அறிவுரைகளைப் பின்பற்ற வேண்டாம். பாதியில் நிற்கும் புதுப்பிப்பு கணினியை உண்மையாகவே கெடுக்கும்.

"தொகுப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வந்தால், பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம், அல்லது முதல் படியான அப்டேட்டைத் தவிர்த்திருப்பீர்கள். இரண்டும் இல்லையென்றால், உபுண்டுவில் 'யுனிவர்ஸ்' களஞ்சியம் அணைக்கப்பட்டிருக்கலாம். டெசரக்ட் அந்தக் களஞ்சியத்தில்தான் இருக்கிறது. 'சூடோ ஆட்-ஆப்ட்-ரெபாசிட்டரி யுனிவர்ஸ்' என்ற கட்டளை அதை இயக்கும்.

விண்டோஸில் எப்படி?

ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழக நூலகம் விண்டோஸுக்கான நிறுவி ஒன்றை உருவாக்கி வழங்குகிறது. பழைய செய்தித்தாள்களை எழுத்தாக்கும் தங்கள் பணிக்காக அவர்கள் தொடங்கியது அது. இன்று உலகெங்கும் விண்டோஸ் பயனர்கள் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். டெசரக்ட் திட்டத்தின் ஆவணப் பக்கத்திலிருந்தே அதற்கு இணைப்பு இருக்கிறது. அந்த வழியாகவே போங்கள். தேடுபொறியில் முதலில் வரும் பதிவிறக்கத் தளங்களிலிருந்து எடுக்க வேண்டாம்.

நிறுவியை ஓட்டும்போது 'நெக்ஸ்ட்' பொத்தானை வேகமாக அழுத்திக்கொண்டே போகாதீர்கள். எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்று கேட்கும் திரை ஒன்று வரும். அதில் 'அடிஷனல் லாங்வேஜ் டேட்டா' என்ற வரியை விரித்து, பட்டியலில் தமிழைத் தேடி டிக் செய்யுங்கள். இயல்பாக அது தேர்வாகி இருக்காது. இந்த ஒரு டிக்கை விட்டுவிடுவதுதான் விண்டோஸ் பயனர்களின் பாதித் தொல்லைக்குக் காரணம். அடுத்த திரையில் நிறுவும் கோப்புறையைக் காட்டும். வழக்கமாக அது சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் 'டெசரக்ட்-ஓசிஆர்' என்று இருக்கும். அந்த முகவரியை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

நிறுவிவிட்டேன். ஆனால் டெசரக்ட் என்று தட்டினால் "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்கிறதே!

இரண்டாம் வகைச் சிக்கல் இது. நிரல் இருக்கிறது, டெர்மினலுக்கு இடம் தெரியவில்லை. நீங்கள் ஒரு பெயரைத் தட்டியதும் விண்டோஸ் கணினி முழுவதையும் தேடுவதில்லை. 'பாத்' என்ற பெயரில் சில கோப்புறைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள இடங்களில் மட்டும் பார்க்கும். மன்ஹைம் நிறுவி அந்தப் பட்டியலில் தானாகச் சேர்ப்பதில்லை. நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

ஸ்டார்ட் பட்டியில் 'என்விரான்மென்ட்' என்று தட்டினால், உங்கள் கணக்குக்கான சூழல் மாறிகளை (நிரல்கள் பார்த்துக்கொள்ளும் அமைப்புக் குறிப்புகளை) திருத்தும் வசதி வரும். அதைத் திறந்து, மேல் பகுதியில் 'பாத்' என்ற வரியைத் தேர்ந்து 'எடிட்' அழுத்துங்கள். வரும் சாளரத்தில் 'நியூ' அழுத்தி, முன்பு நகலெடுத்த கோப்புறை முகவரியை ஒட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் வரிகளில் எதையும் தொட வேண்டாம். ஓகே அழுத்தி எல்லாச் சாளரங்களையும் மூடுங்கள்.

இப்போது மிக முக்கியமான படி: திறந்திருக்கும் டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். டெர்மினல் அந்தப் பட்டியலைத் திறக்கும் நேரத்தில் ஒருமுறைதான் படிக்கிறது. பழைய சாளரத்திலேயே மறுபடி மறுபடி தட்டிப் பார்த்து, எல்லாம் வீண் என்று நிறுவலையே நீக்கிவிட்டவர்கள் உண்டு. அவர்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

'செட்எக்ஸ்' என்ற கட்டளையால் இதை ஒரே வரியில் முடிக்கலாம் என்று சில குறிப்புகள் சொல்லும். அது 1024 எழுத்துகளுக்கு மேல் உள்ள பகுதியை வெட்டிவிடும். உங்கள் பாத் பட்டியல் நீளமாக இருந்தால் மற்ற மென்பொருள்களின் முகவரிகளும் அதோடு போய்விடும். தவிர்த்துவிடுங்கள்.

விங்கெட் வழியாக நிறுவலாமா?

நிறுவலாம். கட்டளை வழியாக மென்பொருள்களை நிறுவும் கருவியான விங்கெட், விண்டோஸ் 11இல் உடன்வருகிறது. 'விங்கெட் சர்ச் டெசரக்ட்' என்று தட்டினால் கிடைக்கும் பதிப்புகளின் அடையாளப் பெயர்கள் வரும். உரிய பெயரை 'விங்கெட் இன்ஸ்டால்' கட்டளையோடு தாருங்கள். ஆனால் விங்கெட் இயல்பாகக் கேள்வி கேட்காமல் நிறுவிவிடும்; தமிழைத் தேர்ந்தெடுக்கும் திரை வராது. வரியின் இறுதியில் இரண்டு சிறுகோடுகளுடன் 'இன்டராக்டிவ்' என்று சேர்த்தால் அந்தத் திரைகள் வழக்கம்போல் வரும். பாத் பிரச்சினை இங்கும் அப்படியே.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டி அதில் நிறுவுவது நல்லதா?

அதற்கான டபிள்யூஎஸ்எல் வசதியை ஏற்கெனவே பயன்படுத்துபவர் என்றால் தாராளமாக. உபுண்டுவுக்குச் சொன்னதே அங்கும் பொருந்தும். டெசரக்டுக்காக மட்டும் அதை நிறுவ வேண்டாம், தேவைக்கு மிஞ்சிய வேலை.

மேக் கணினியில்?

ஹோம்ப்ரூ என்ற தொகுப்பு மேலாளர் (ஆப்ட் போல மென்பொருள்களை நிறுவித் தரும் கருவி) வேண்டும். அதன் அதிகாரப்பூர்வத் தளத்தின் முகப்பிலேயே நிறுவும் கட்டளை ஒற்றை வரியாக இருக்கிறது. அதை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுங்கள். ஆப்பிளின் கட்டளைவரிக் கருவிகள் இல்லையென்றால் அவற்றையும் அது பதிவிறக்கும், அதற்குச் சற்று நேரம் ஆகும். முடிந்ததும் திரையில் 'நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்' என்ற தலைப்பின்கீழ் சில வரிகள் தோன்றினால், அவற்றையும் நகலெடுத்து ஓட்ட வேண்டும். ஆப்பிள் சில்லு உள்ள கணினிகளில் ஹோம்ப்ரூ வேறொரு கோப்புறையில் குடியேறுகிறது. அதைப் பாத் பட்டியலில் சேர்ப்பவை அந்த வரிகள்தாம். அவற்றைப் படிக்காமல் விட்டால் 'ப்ரூ' என்ற கட்டளையே இல்லை என்று டெர்மினல் சொல்லும்.

பிறகு 'ப்ரூ இன்ஸ்டால் டெசரக்ட் டெசரக்ட்-லாங்'. இரண்டாவது பெயர் எல்லா மொழிகளின் தரவையும் கொண்டுவருவதால் பதிவிறக்கம் பெரியது. இணைய வேகம் குறைவென்றால் முதல் பெயரை மட்டும் நிறுவி, தமிழ்த் தரவுக்கோப்பைத் தனியாக எடுத்து வைக்கலாம். அதன் முறை கீழே இருக்கிறது. ப்ரூ கட்டளைக்கு முன்னால் 'சூடோ' சேர்க்க வேண்டாம், அது மறுத்துவிடும்.

சரியாக நிறுவப்பட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

இரண்டு கட்டளைகள். 'டெசரக்ட்' எழுதி இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளுடன் 'வெர்ஷன்'. பதிப்பு எண் வந்தால் நிரலும் பாத்தும் சரி. 4 அல்லது 5 என்று தொடங்க வேண்டும். உபுண்டு 22.04இல் 4 வரிசையும் 24.04இல் 5 வரிசையும் வரும், இரண்டிலும் தமிழ் நன்றாகவே இயங்கும்.

அடுத்து 'டெசரக்ட்', இரண்டு சிறுகோடுகளுடன் 'லிஸ்ட்-லாங்ஸ்'. வரும் பட்டியலில் டீ, ஏ, எம் இருந்தால் தமிழும் தயார். இந்த இரண்டு விடைகளையும் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டு சிறுகோடுகளை வேர்டு கோப்பிலோ குறுஞ்செய்திச் செயலியிலோ எழுதி நகலெடுத்தால் அவை ஒரே நீளக் கோடாக மாறிவிடுவதுண்டு. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, டெர்மினலுக்குத் தெரியும். கட்டளைகளைச் சேமிக்க எப்போதும் நோட்பேட் போன்ற எளிய கருவியையே பயன்படுத்துங்கள்.

பட்டியலில் தமிழ் இல்லை. "மொழியை ஏற்ற முடியவில்லை" என்கிறது. என்ன செய்ய?

மூன்றாம் வகைச் சிக்கல். டெசரக்ட் நிரலுக்குத் தானாக எந்த மொழியும் தெரியாது. ஒவ்வொரு மொழிக்கும் பயிற்சி பெற்ற ஒரு கோப்பு தேவை. தமிழுக்கு 'டாம்' என்ற பெயரும் 'டிரெயின்டுடேட்டா' என்ற பின்னொட்டும் உள்ள கோப்பு அது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள டெசரக்ட் திட்டத்தின் பக்கத்தில் மூன்று களஞ்சியங்களில் இது கிடைக்கிறது. 'டெஸ்டேட்டா-ஃபாஸ்ட்' வேகமானது, அளவில் சிறியது. லினக்ஸ் தொகுப்புகளில் பெரும்பாலும் வருவது இதுதான். 'டெஸ்டேட்டா-பெஸ்ட்' மெதுவானது, துல்லியத்துக்கு முன்னுரிமை தருவது. வெறும் 'டெஸ்டேட்டா' என்பதில் பழைய முறைக்கான தரவும் சேர்ந்திருக்கும். நூல் எழுத்தாக்கத்துக்கு நான் 'பெஸ்ட்' வகையையே சொல்வேன். ஒரு பக்கத்துக்குச் சில நொடி கூடுதலாகப் போனால் போகட்டும். பிழை திருத்துபவரின் கண்களுக்கு அது மிச்சம்.

பதிவிறக்கும்போது கவனம் தேவை. கிட்ஹப்பில் கோப்பின் பெயர்மேல் வலச்சொடுக்கிட்டுச் சேமித்தால், கோப்புக்குப் பதிலாக அந்த வலைப்பக்கமே அதே பெயரில் சேமிக்கப்பட்டுவிடலாம். கோப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் பதிவிறக்கப் பொத்தானை அழுத்துங்கள். வந்த கோப்பைச் சில உலாவிகள் பெயருக்குப் பின்னால் வேறு பின்னொட்டு சேர்த்து வைக்கும். விண்டோஸ் பின்னொட்டுகளை இயல்பாக மறைத்துவிடுவதால் அது தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் கோப்புப் பின்னொட்டுகளைக் காட்டும் அமைப்பை இயக்கிச் சரிபாருங்கள்.

கோப்பை வைக்க வேண்டிய கோப்புறையின் பெயர் 'டெஸ்டேட்டா'. எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை; 'லிஸ்ட்-லாங்ஸ்' கட்டளையின் முதல் வரியோ, பிழைச்செய்தியோ முழு முகவரியையும் காட்டும். அங்கே கொண்டுபோய் வையுங்கள். அங்கே எழுத உரிமை இல்லையென்றால், சொந்தக் கோப்புறையில் வைத்துவிட்டு, கட்டளையில் இரண்டு சிறுகோடுகளுடன் 'டெஸ்டேட்டா-டிர்' என்று எழுதி அதன் முகவரியைத் தரலாம்.

'டெஸ்டேட்டா-பிரிஃபிக்ஸ்' என்ற சூழல் மாறியைப் பற்றியும் பிழைச்செய்தி பேசும். அதில் ஒரு குழப்பம் உண்டு. 3ஆம் பதிப்புக் காலத்துக் குறிப்புகள், டெஸ்டேட்டாவுக்கு ஒரு படி மேலே உள்ள கோப்புறையைத் தரச் சொல்லும். 4ஆம் பதிப்பிலிருந்து டெஸ்டேட்டா கோப்புறையையே தர வேண்டும். இணையத்தில் இரண்டு வகை விளக்கங்களும் கலந்து கிடக்கின்றன. நீங்கள் படிக்கும் குறிப்பு எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பாருங்கள்.

முதல் பக்கத்தை எப்படி ஓட்டிப் பார்ப்பது?

படம் இருக்கும் கோப்புறையிலேயே டெர்மினலைத் திறங்கள். விண்டோஸ் 11இல் கோப்புறையின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கினால் அதற்கான வரி இருக்கும். கட்டளையின் அமைப்பு இது: டெசரக்ட், இடைவெளி, படக்கோப்பின் முழுப்பெயர், இடைவெளி, விடைக்கோப்புக்கு நீங்கள் விரும்பும் பெயர், இடைவெளி, ஒரு சிறுகோடும் 'எல்' எழுத்தும், இடைவெளி, டாம். விடைக்கோப்பின் பெயருக்குப் பின்னொட்டு தர வேண்டாம், டெசரக்ட் தானாகச் சேர்த்துக்கொள்ளும். ஆங்கிலச் சொற்கள் கலந்த பக்கமென்றால் டாம் எழுதி, இடைவெளி விடாமல் கூட்டல் குறி இட்டு, 'எங்' என்று சேர்க்கலாம்: ஈ, என், ஜி. முதன்மை மொழி முன்னால் வரட்டும். முழுத் தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலத்தைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. கறையையும் கோட்டையும் ஆங்கில எழுத்தாகப் படிக்கும் வாய்ப்பு அதில் கூடுகிறது.

கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்.

டெர்மினலில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிகிறது.

கவலை வேண்டாம். அந்தச் சாளரத்தின் எழுத்துருவில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். விடை யூனிகோடில் கோப்புக்குள் சரியாகவே இருக்கிறது. நோட்பேடில் திறந்து பாருங்கள்.

பிடிஎஃப் கோப்பைக் கொடுத்தால் திறக்க மறுக்கிறதே?

டெசரக்ட் படங்களை மட்டும்தான் படிக்கும்: பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் போன்றவை. பிடிஎஃபை முதலில் பக்கம் பக்கமாகப் படமாக்க வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் பாப்லர் தொகுப்பில் உள்ள 'பிடிஎஃப்டுபிபிஎம்' அதற்கான கருவி. கட்டளையில் ஒரு சிறுகோடும் 'ஆர்' எழுத்தும் தந்து 300 என்று எழுதினால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் படம் வரும். அந்த அளவு முக்கியமானது.

உங்களுக்குத் தேவை தனி உரை அல்ல, தேடக்கூடிய பிடிஎஃப்தான் என்றால் 'ஓசிஆர்மைபிடிஎஃப்' என்ற கட்டளைவரிக் கருவியைப் பாருங்கள். அது டெசரக்டைப் பின்னணியில் ஓட்டி, அசல் பக்கப் படத்துக்கு அடியில் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் பதித்துத் தருகிறது. நூலகத்துக்கோ வீட்டுச் சேமிப்புக்கோ இதைவிட நல்ல வடிவம் இல்லை.

விடையில் பிழைகள் நிறைய வருகின்றன. நிறுவலில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை, படத்தில்தான். சாய்ந்து எடுத்த கைபேசிப் படம், பக்கத்தின் நடுமடிப்பில் விழும் நிழல், மறுபக்க மை ஊடுருவித் தெரிவது ஆகிய எல்லாம் எழுத்தைக் கெடுக்கும். முதலில் படத்தை நேராக்குங்கள், விளிம்புகளை வெட்டுங்கள், சாம்பல் நிறமாக மாற்றுங்கள்.

அடுத்தது பக்க அமைப்பு. இரண்டு சிறுகோடுகளுடன் 'பிஎஸ்எம்' என்று எழுதி ஓர் எண் தந்தால், பக்கத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று டெசரக்டுக்குச் சொல்லலாம். எதுவும் தராவிட்டால் 3, தானாகக் கண்டறியும். ஒரே பத்தியாக ஓடும் நாவல் பக்கத்துக்கு 6 நன்றாக இருக்கும். எழுத்தளவு மாறி மாறி வரும் ஒற்றைப் பத்திக்கு 4. இதழ்களின் இரண்டு மூன்று பத்திகள் கொண்ட பக்கத்தில் 3 தடுமாறினால், பத்திகளைத் தனித்தனிப் படமாக வெட்டிக் கொடுப்பதே நான் கண்டவரை சிறந்த வழி.

பழைய அச்சு நூல்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது. அதற்குமுன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த ஒற்றை வடிவங்களாகவும் இருக்கும். இன்றைய எழுத்துருக்களில் பயிற்சி பெற்ற தரவு அங்கே தடுமாறுகிறது. நல்ல வேளையாக, ஒரே நூலுக்குள் அது ஒரே மாதிரியாகத் தவறுவதே வழக்கம். முதல் ஐந்தாறு பக்கங்களில் எந்த வடிவத்தை எதுவாகப் படிக்கிறது என்று குறித்துக்கொண்டால், மீதியைத் தேடி மாற்றும் வசதியால் பெருமளவு சரிசெய்யலாம். துணைக்காலும் 'ர'வும் ஒன்றுக்கொன்று மாறுவது, 'எ'வும் 'ஏ'வும் குழம்புவது ஆகியவற்றை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியபோது தன்னார்வலர்கள் இலக்கியங்களைக் கையால் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்தார்கள். தட்டச்சு வேலை இன்று குறைந்திருக்கிறது, மெய்ப்புப் பார்க்கும் வேலை குறையவில்லை. அதைச் செய்யாமல் ஒரு நூலை வெளியிடாதீர்கள்.

நானூறு பக்கங்களுக்கும் கட்டளையை நானூறு முறை தட்ட வேண்டுமா?

வேண்டாம். ஓர் உரைக்கோப்பைத் திறந்து, படங்களின் பெயர்களை வரிசையாக, ஒரு வரிக்கு ஒன்றாக எழுதிச் சேமியுங்கள். கட்டளையில் படத்தின் பெயர் வரும் இடத்தில் அந்த உரைக்கோப்பின் பெயரைத் தாருங்கள். டெசரக்ட் வரிசைப்படி எல்லாவற்றையும் படித்து ஒரே விடைக்கோப்பில் சேர்த்துவிடும். பெயர்களில் 001, 002 என்று சுழியம் சேர்த்து எண்ணிட்டால், பட்டியலை அகர வரிசையில் எடுக்கும்போது பக்க ஒழுங்கு மாறாது. முழு நூலையும் ஓட்டுமுன் நடுவிலிருந்து நான்கைந்து பக்கங்களைச் சோதியுங்கள். அட்டையும் முன்னுரையும் நூலின் அச்சுத் தரத்தைக் காட்டுவதில்லை.

அலுவலகக் கணினியில் நிர்வாகி உரிமை இல்லை. வழி உண்டா?

விண்டோஸ் நிறுவியில் 'எனக்கு மட்டும்' என்ற பொருளில் உள்ள தேர்வைப் பயன்படுத்திப் பாருங்கள். அதையும் தடுத்திருந்தால் கணினிப் பிரிவைக் கேட்டுச் செய்வதே முறை. மென்பொருளின் பெயர், உரிமம், அதிகாரப்பூர்வப் பக்கம் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் முடிவெடுப்பது எளிது.

புதுப்பிப்பதும் நீக்குவதும் எப்படி?

உபுண்டுவில் கணினியின் வழக்கமான புதுப்பிப்போடு டெசரக்டும் புதுப்பிக்கப்படும். மேக்கில் 'ப்ரூ அப்கிரேட் டெசரக்ட்'. விண்டோஸில் புதிய நிறுவியை மீண்டும் ஓட்ட வேண்டும், அப்போதும் தமிழ் டிக்கை மறக்க வேண்டாம். ஒரு பெரிய நூலின் நடுவில் இருக்கும்போது புதுப்பிக்காமல் இருப்பது நல்லது. பதிப்பு மாறினால் பிழைகளின் போக்கும் மாறும், நீங்கள் குறித்து வைத்த திருத்தப் பட்டியல் பொருந்தாமல் போகும்.

நீக்க வேண்டுமென்றால் உபுண்டுவில் 'சூடோ ஆப்ட் ரிமூவ்', மேக்கில் 'ப்ரூ அன்இன்ஸ்டால்', இரண்டிலும் தொகுப்பின் பெயரோடு. விண்டோஸில் செட்டிங்ஸில் உள்ள செயலிகள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, பாத்தில் நீங்கள் சேர்த்த வரியையும் எடுத்துவிடுங்கள். தனியாகப் பதிவிறக்கிய தமிழ்த் தரவுக்கோப்பு டெஸ்டேட்டா கோப்புறையிலேயே தங்கியிருக்கலாம். மீண்டும் நிறுவும் எண்ணம் இருந்தால் அதை வேறோர் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.